மகிழ்: பையனுக்கும் பெண்ணுக்கும் ஒரே பெயர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வடசென்னையில் ஒரு பள்ளியில் தமிழ் நடத்துகிறேன். என் மகளின் பெயர் மகிழ். என் வகுப்பில் ஒரு பையனின் பெயரும் மகிழ்தான். அதனாலேயே, வீட்டில் வளைகாப்பு முடிந்த கையோடு பலர் என்னிடம் இந்தப் பெயரைப் பற்றி விசாரிக்க வருகிறார்கள். என்ன அர்த்தம், பையனுக்கு ஒத்துவருமா, சான்றிதழில் எப்படி எழுதுவது என்று கேட்டவர்களுக்குச் சொன்னதையெல்லாம் இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். எனக்கு இந்தப் பெயர் மேல் பாசம் அதிகம். அதற்காகச் சிக்கல்களை விட்டுவிடவில்லை. அவையும் கீழே உண்டு.

மகிழ் என்றால் என்ன பொருள்?

இரண்டு பொருள். ஒன்று மகிழ்ச்சி. அந்தச் சொல்லின் வேரே மகிழ்தான். வினையாகப் பார்த்தால் 'நீ மகிழ்' என்று ஏவல். பெயராகப் பார்த்தால் மகிழ்ச்சி. அடி, இடி என்பவை போல வினையடியே பெயராக நிற்பதை முதனிலைத் தொழிற்பெயர் என்று வகுப்பில் சொல்லித் தருகிறோம். குழந்தையைச் சாப்பிடக் கூப்பிட்டாலும் சரி, அதட்டினாலும் சரி, வாயிலிருந்து வருவது ஒரு வாழ்த்து.

இன்னொன்று மரம். மகிழ மரம், மகிழம்பூ. வடமொழியில் வகுளம். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் 99 பூக்களில் 'பசும்பிடி வகுளம் பல்லிணர்க் காயா' என்று ஓர் அடி வருமே, அந்த வகுளம் இந்த மகிழம்பூதான்.

மகிழம்பூவை நான் பார்த்ததே இல்லை. எப்படி இருக்கும்?

பெயர் வைக்கும் முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள், அவ்வளவுதான் என் வேண்டுகோள். விரல் நுனி அகலம்தான் இருக்கும். வெள்ளையும் இல்லாமல் மஞ்சளும் இல்லாமல் ஒரு சந்தன வெளுப்பு. நட்சத்திரம் மாதிரிச் சுற்றிலும் முனை முனையாக இதழ்கள். விடிகாலையில் மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும். இதழ் வட்டம் முழுசாகக் கழன்று விழுவதால் நடுவில் ஓர் ஓட்டை இருக்கும். கோக்க ஊசியே வேண்டாம். ஒரு தென்னை ஈர்க்கில் கிடைத்தால் பிள்ளைகள் மளமளவென்று கோத்துவிடுவார்கள்.

இந்தப் பூவின் சிறப்பு அதன் வாசம்தான். மல்லிகை ஒரு பொழுதில் முடிந்துவிடும். மகிழம்பூ பழுப்பாகிக் காய்ந்து சருகான பிறகும் மணக்கும். அந்தக் காலத்தில் பீரோவில் பட்டுப்புடவை மடிப்புக்குள் காய்ந்த மகிழம்பூவைப் போட்டு வைத்தார்கள். மரம் எப்போதும் பச்சைப் பசேல் என்று அடர்த்தியாக நிற்கும். சப்போட்டாவின் குடும்பம். ஆரஞ்சு நிறத்தில் சின்னப் பழம் பழுக்கும். தின்றால் இனிப்பைவிடத் துவர்ப்பு தூக்கலாக இருக்கும். பட்டையைப் பல்பொடிக்குச் சேர்ப்பார்கள். தாவரவியலில் இதற்கு மிமுசாப்ஸ் எலெங்கி என்று பெயர். அந்த எலெங்கி மலையாளத்து இலஞ்ஞி. தமிழிலும் மகிழுக்கு இலஞ்சி என்ற பெயர் உண்டு.

பூவைப் பார்க்காதவர்கள்கூட அதன் பெயரில் உள்ள பலகாரத்தைத் தின்றிருப்பார்கள். தீபாவளிக்குப் பிழியும் மகிழம்பூ முறுக்கு.

இது எவ்வளவு பழைய பெயர்?

சொல் மிகப் பழையது. சங்கப் பாடல்களில் மருதத்திணைத் தலைவனுக்கு மகிழ்நன் என்று பெயர். ஐங்குறுநூற்று மருதப் பாட்டுகளில் 'மகிழ்ந' என்ற விளி அடிக்கடி வரும். அரசன் பாணர் சூழ வீற்றிருக்கும் அவையைப் புறநானூறு நாண்மகிழ் இருக்கை என்கிறது.

ஆளுக்குரிய பெயராக இதைப் பெரிய இடத்தில் வைத்தவர்கள் வைணவர்கள். நம்மாழ்வாருக்கு மகிழம்பூ மாலைதான் அடையாளம். வகுளாபரணர் என்ற பெயர் அதனால் வந்தது. திருவாய்மொழியில் அவரே தம்மை 'நாட்கமழ் மகிழ்மாலை மார்பினன் மாறன் சடகோபன்' என்று சொல்லிக்கொள்கிறார். மகிழ்மாறன் என்று இன்றைக்குப் பிள்ளைகளுக்கு வைக்கிறார்களே, அதன் பின்னால் இந்த மாலை இருக்கிறது.

ஒட்டுச்சொல் எதுவும் இல்லாமல் வெறும் 'மகிழ்' என்று வைப்பது நம் காலத்து வழக்கம். பழைய சொல், புதிய பெயர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மகிழ் என்றால் கள் குடித்த மயக்கம் என்று ஒருவர் சொன்னார். உண்மையா?

உண்மைதான். பழந்தமிழில் கள்ளால் வரும் களிப்புக்கும் மகிழ் என்றே பெயர். திருக்குறளில் 1090ஆம் குறள்: 'உண்டார்கண் அல்லது அடுநறாக் காமம்போல் கண்டார் மகிழ்செய்தல் இன்று'. கள் குடித்தவனுக்குத்தான் மகிழ் தரும், காதலோ கண்டாலே தரும் என்பது கருத்து. அதே வள்ளுவர் பொச்சாவாமை அதிகாரத்தில், மகிழ்ச்சியில் மிதந்து கடமையை மறக்காதே என்று எச்சரிக்கவும் செய்கிறார்.

இதைக் கேட்டுப் பெயரை மாற்றிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது தேவையில்லாத பயமாகப் படுகிறது. 'அளவில்லாத ஆனந்தம்' என்று சொல்லும்போது அந்த அளவில்லாமை எங்கிருந்து வருகிறதோ, அங்கிருந்துதான் இந்தச் சொல்லும் வந்திருக்கிறது. இன்று தமிழ் பேசும் யார் காதிலும் மகிழ் என்றால் கள் ஒலிக்காது.

சென்னைக்கும் இந்தப் பெயருக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. சென்னைக்காரர்கள் இதைத் தெரிந்துகொள்ளாமல் இந்தப் பெயரை வைக்கக் கூடாது என்றுகூடச் சொல்வேன்.

திருவொற்றியூர் தியாகராஜர் கோயிலின் தலமரம் மகிழம். சேக்கிழார் பெரியபுராணத்தில் சொல்லும் கதை அந்த மரத்தடியில் நடக்கிறது. செங்குன்றத்துக்கு அருகே உள்ள ஞாயிறு என்ற ஊரில் பிறந்தவள் சங்கிலி. திருமணம் வேண்டாம் என்று சொல்லி ஒற்றியூருக்கு வந்து, கன்னிமாடத்தில் தங்கி, இறைவனுக்குப் பூமாலை தொடுக்கிறாள். கோயிலுக்கு வந்த சுந்தரர் அவளைப் பார்த்துவிட்டு, இவளை எனக்குத் தர வேண்டும் என்று இறைவனிடமே கேட்கிறார். இறைவன் சங்கிலியின் கனவில் போய்ச் சொல்கிறார். அவள் சட்டென்று ஒப்புக்கொள்ளவில்லை. அவருக்குத் திருவாரூரில் பரவை என்ற மனைவி இருக்கிறாளே என்கிறாள். பிரிய மாட்டேன் என்று சத்தியம் செய்து தரச் சொல்கிறேன் என்கிறார் இறைவன்.

சுந்தரருக்கோ கோயிலுக்குக் கோயில் போகாமல் இருக்க முடியாது. அதனால், நான் சன்னிதியில் சத்தியம் செய்யும் நேரத்தில் நீ கருவறையை விட்டு மகிழ மரத்தடிக்குப் போய்விடு என்று இறைவனிடம் கேட்டுக்கொள்கிறார். இறைவனும் சரி என்கிறார். உடனே சங்கிலியிடம் போய், சத்தியத்தை மகிழ மரத்தடியிலேயே வாங்கிக்கொள் என்று சொல்லிவிடுகிறார். மறுநாள் தோழிகள் வந்து, கோயிலில் வேண்டாம், மகிழின் கீழ் செய்து தந்தால் போதும் என்று நிற்கிறார்கள். சுந்தரருக்கு வேறு வழியில்லை.

பிறகு வசந்தம் வருகிறது, திருவாரூர் நினைப்பு வருகிறது, சத்தியத்தை மீறி ஒற்றியூர் எல்லையைத் தாண்டுகிறார். இரண்டு கண்ணும் போய்விடுகிறது. திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல், காஞ்சியில் ஒரு கண், திருவாரூரில் மறு கண் என்று ஒவ்வொன்றாகத் திரும்பக் கிடைக்கிறது. அந்த வெண்பாக்கத்துக் கோயில் பூண்டி நீர்த்தேக்கம் வந்தபோது இடம் மாறியது. 1944இல் கட்டி முடித்த அந்த ஏரித் தண்ணீரைத்தான் சென்னை இன்றும் குடிக்கிறது.

மாசித் திருவிழாவில் இந்தச் சத்தியக் காட்சியை மகிழடி சேவை என்று நடத்துகிறார்கள். மெட்ரோவில் திருவொற்றியூர் தேரடி நிறுத்தத்தில் இறங்கினால் கோயில் பக்கம்தான்.

சத்தியம் மீறிய மரமாயிற்றே, அந்தப் பெயரைக் குழந்தைக்கு வைப்பது நல்லதா?

பாட்டிமார் கேட்கிற கேள்வி இது, நியாயமான கேள்வியும்கூட. மீறியவர் சுந்தரர். மரம் சாட்சி. ஒரு பெண் தன் திருமணத்துக்கு முன்னால் 'என்னை விட்டுப் போகமாட்டேன் என்று உறுதி கொடு' என்று கேட்டு வாங்கிய இடம் அது. அவள் பக்கம் நின்றது மகிழ மரம். எனக்கு இந்தக் கதையில் பிடித்த ஆள் சங்கிலிதான், என் மகளுக்கு இதைச் சொல்லும்போதும் அவள் பக்கமிருந்தே சொல்கிறேன்.

அதுவும் போதாதென்றால், திருவண்ணாமலை அருணாசலேசுவரர் கோயிலுக்கும் தலமரம் மகிழம்தான் என்று பாட்டியிடம் சொல்லிப் பாருங்கள்.

தமிழில் ஒரே பெயரை ஆணுக்கும் பெண்ணுக்கும் வைப்பது புதுப் பழக்கமா?

இல்லை. தங்கம், முத்து, மாணிக்கம், செல்வம், அன்பு, பாக்கியம், காவேரி. உங்கள் குடும்பத்திலேயே தேடினால் ஒரு தங்கம் மாமாவும் ஒரு தங்கம் அத்தையும் கிடைப்பார்கள். தமிழ்ப் பெயர்களில் பால் காட்டுவது பெரும்பாலும் கடைசி ஒலிதான். 'அன்' வந்தால் ஆண், 'இ'யோ 'ஐ'யோ 'அள்'ளோ வந்தால் பெண். ஒரு பொருளின் பெயரையோ குணத்தின் பெயரையோ அந்த விகுதி இல்லாமல் அப்படியே வைத்தால் அது யாருக்கும் பொருந்தும். மகிழன் என்றால் பையன், மகிழினி என்றால் பெண், மகிழ் என்றால் இருவரும்.

வினைமுற்றில் மட்டும் தமிழ் பாலைக் காட்டிவிடும். மகிழ் வந்தான், மகிழ் வந்தாள். ஆனால் மரியாதையாகச் சொல்லும்போது 'மகிழ் வந்தார்' என்று இருவருக்கும் ஒன்றாகிவிடுகிறது. கைக்குழந்தையாக இருக்கும்போது 'மகிழ் தூங்குது', 'மகிழ் முழிச்சிக்கிச்சு' என்றுதானே எல்லா வீட்டிலும் பேசுகிறோம். 'அன்', 'அள்' எல்லாம் பிள்ளை வளர்ந்த பிறகுதான் வந்து சேர்கின்றன.

நம் ஊர் வழக்கம் இதற்கு இன்னும் இடம் தருகிறது. 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களை விட வேண்டும் என்று தீர்மானம் போட்டது. இன்று தமிழ்நாட்டில் ஒரு பெயர், ஓர் இனிஷியல், அவ்வளவுதான். 'க. மகிழ்' என்று தாளில் எழுதியிருந்தால் அந்த ஆளின் சாதி தெரியாது, ஆணா பெண்ணா என்றும் தெரியாது. விடைத்தாள் திருத்துகிறவளாகச் சொல்கிறேன், அது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. எழுதியிருப்பதை மட்டும் பார்த்து மதிப்பெண் போடலாம்.

ஏன் இப்போது இத்தனை பேர் விரும்புகிறார்கள்?

தூய தமிழ்ப் பெயர் வேண்டும் என்ற ஆசை ஒரு காரணம். அந்த ஆசைக்கு இந்த ஊரில் வயது நூறுக்கு மேல். வேதாசலம் என்ற பெயரை மறைமலை என்று தமிழாக்கிக்கொண்ட மறைமலையடிகள் பல்லாவரத்தில் இருந்தபடி 1916இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கினார். அந்தத் தலைமுறை அறிவுடைநம்பி, திருநாவுக்கரசு என்று நீளமான பெயர்களை வைத்தது. இன்றைய பெற்றோருக்குப் பெயர் தமிழாகவும் இருக்க வேண்டும், விண்ணப்பப் படிவத்தில் ஒரு கட்டத்துக்குள்ளும் அடங்க வேண்டும். மகிழுக்கு மூன்றே எழுத்து.

அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருப்பதாக நினைக்கிறேன். எந்த ஸ்கேன் சென்டருக்குப் போனாலும் வரவேற்பு மேசைக்கு மேலே ஒரு பலகை தொங்கும்: கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று இங்கே சொல்லப்படாது, அது சட்டப்படி குற்றம். 1994ஆம் ஆண்டுச் சட்டம் அது. பெண் சிசுக்களைக் காப்பாற்ற வந்த சட்டம், இருக்கவே வேண்டும். அதனால் நம் வீடுகளில் பிறக்கும்வரை யாருக்கும் தெரியாது. ஆண் என்றால் இது, பெண் என்றால் இது என்று இரண்டு பெயரைத் தயாராக வைத்திருப்பதற்குப் பதில் ஒரே பெயரை வைத்துக்கொண்டால், அஞ்சாம் மாதத்திலிருந்தே வயிற்றில் இருக்கும் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பேசலாம். நானும் என் கணவரும் அப்படித்தான் பேசினோம். பிறந்தது பெண் என்று நர்ஸ் வந்து சொன்னபோது எங்களுக்கு மாற்ற எதுவுமில்லை. மகிழ் வந்துவிட்டாள், அவ்வளவுதான்.

பையனுக்கு வைத்தால் கேலி செய்வார்களா?

இந்தக் கேள்வியைப் பெண் குழந்தையின் பெற்றோர் கேட்பதே இல்லை. பெண்ணுக்கு ஆண் சாயலில் பெயர் வைத்தால் துணிச்சல் என்கிறோம்; பையன் பெயரில் பெண் சாயல் விழுந்தால் மட்டும் பதறுகிறோம். சிக்கல் அந்தப் பதற்றத்தில் இருக்கிறது, பெயரில் இல்லை.

நடைமுறைக்கு வருகிறேன். என் வகுப்பு மகிழை யாரும் கேலி செய்து நான் பார்த்ததில்லை. பள்ளியில் எல்லாப் பெயரும் சுருங்கிவிடும். மகிழ் 'மகி' ஆகிறது. சென்னையில் மகி என்றால் பையன்களுக்கு யார் நினைவு வரும் என்று சொல்ல வேண்டியதில்லை. மகேந்திர சிங் தோனியின் செல்லப்பெயரே அதுதானே. அந்தப் பையன் ஏழாம் நம்பர் சட்டை போட்டுக்கொண்டுதான் விளையாட வருவான்.

உறவினர்கள் 'மகிழன்னு வெச்சுடுங்களேன்' என்று அன்பாக வற்புறுத்துவார்கள். மகிழன் நல்ல பெயர்தான். பயத்தால் அந்த 'அன்'னைச் சேர்க்க வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். மகிழ்நன் என்று மாற்றச் சொன்னால் மட்டும் ஒரு நிமிடம் யோசியுங்கள்: மருதத்துத் தலைவன் பரத்தை வீட்டுக்குப் போய்விட்டு வாசலில் வந்து நிற்கும்போதுதான் பெரும்பாலும் தலைவி அவனை 'மகிழ்ந' என்று கூப்பிடுகிறாள்.

குழந்தை ஆணா பெண்ணா என்று மருத்துவர்களால் உடனே சொல்ல முடியாத நிலை வந்தால்?

அப்படிக் குழந்தைகள் பிறக்கத்தான் செய்கிறார்கள், இடைப்பாலினக் குழந்தைகள். பெற்றோர் தனியாகத் தவிக்க வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன். உயிருக்கு ஆபத்தான நிலை தவிர, இப்படிப்பட்ட குழந்தைகளுக்குப் பாலை மாற்றும் அறுவை சிகிச்சை செய்யக் கூடாது என்று 2019இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வலியுறுத்த, தமிழ்நாடு அரசும் அதே ஆண்டு தடை ஆணை போட்டது. அந்தக் குழந்தை வளர்ந்து தான் யாரென்று தானே சொல்லும்வரை காத்திருக்கலாம். அதுவரை கூப்பிட ஒரு பெயர் வேண்டும் அல்லவா? மகிழ் போன்ற பெயர் யாரையும் அவசரப்படுத்தாது. பின்னாளில் தன்னைத் திருநங்கை என்றோ திருநம்பி என்றோ உணரும் பிள்ளைக்கும், அம்மா அப்பா வைத்த பெயரைத் தூக்கிப் போட வேண்டிய கட்டாயம் இருக்காது.

பெயர் பாலைக் காட்ட வேண்டும் என்று சட்டம் ஏதாவது இருக்கிறதா?

இந்தியாவில் இல்லை. பிறப்புச் சான்றிதழில் பாலினத்துக்குத் தனி இடம் இருக்கிறது, பெயர் அந்த வேலையைச் செய்ய வேண்டியதில்லை. ஜெர்மனியில்தான் இதற்கு வழக்கு நடந்தது. ஒரு பெண் குழந்தைக்குக் கிரண் என்று நம் நாட்டுப் பெயரை வைக்க, அது ஆணா பெண்ணா என்று தெரியவில்லை என்று பதிவு அலுவலகம் மறுத்தது. பெயர் பாலைக் காட்டியே ஆக வேண்டும் என்று சட்டத்தில் இல்லை என்று 2008இல் அந்த நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது.

ழகரம் எல்லோருக்கும் வருமா?

வராது. அதற்குத் தயாராக இருங்கள். தெற்கே வாளப்பளம் என்பார்கள், பழைய மெட்ராஸ் பேச்சில் வாயப்பயம். அந்தக் கணக்கில் உங்கள் பிள்ளை ஒரு பாட்டிக்கு 'மகிளு', இன்னொரு பாட்டிக்கு 'மகியு'. மெய்யெழுத்தில் முடிவதால் பேச்சில் ஓர் உகரம் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். இதெல்லாம் பேச்சுவழக்கு, பாட்டியைத் திருத்த வேண்டாம்.

ஆனால் பிள்ளைக்குச் சரியாகச் சொல்லிக்கொடுங்கள். நுனிநாக்கு மேலே வளைந்து அண்ணத்தை வருடும்போது ழகரம் பிறக்கும் என்கிறது தொல்காப்பியம். வருடுவது என்ற சொல்லைக் கவனியுங்கள். அழுத்தினால் ளகரம் ஆகிவிடும். சின்னப் பிள்ளைகளுக்கு இந்த ஒலி தாமதமாகத்தான் வரும். என் மகள் மூன்று வயதில் தன்னை 'மகி' என்று மட்டும் சொன்னாள். எல்.கே.ஜி. முடியும் சமயத்தில் ஒருநாள் குளித்துக்கொண்டிருக்கும்போது 'மகிழ், மகிழ், மகிழ்' என்று அவளாகவே கத்திக் கொண்டிருந்தாள். தன் பெயரின் கடைசி எழுத்து நாக்குக்கு வந்துவிட்ட சந்தோஷம். பெயரிலேயே ழகரம் இருந்தால் அந்தப் பிள்ளைக்கு வாழ்நாள் முழுக்க ழகரம் பிசகாது. தமிழ் ஆசிரியருக்கு இதைவிட என்ன வேண்டும்!

ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது?

எம், ஏ, ஜி, ஐ, இசட், எச். நான் இதையே பரிந்துரைக்கிறேன். ஜி-க்குப் பதில் எச் போட்டும் எழுதுகிறார்கள். நடுவில் வரும் ககரத்தை நாம் இரண்டுக்கும் இடைப்பட்டுத்தான் ஒலிக்கிறோம் என்பதால் அதுவும் தவறில்லை. வெளிமாநிலத்தவர் இரண்டையும் தப்பாகத்தான் படிப்பார்கள். 'மகிஸ்' என்று கூப்பிட்டால் பிள்ளையே திருத்திக்கொள்ளப் பழகிவிடும். மலையாளிகளுக்கு மட்டும் சொல்லித்தர வேண்டியதில்லை, அவர்களிடமும் ழகரம் இருக்கிறது.

எந்த எழுத்துக்கூட்டலை எடுத்தாலும் பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளிப் பதிவு, பாஸ்போர்ட் என்று எல்லாவற்றிலும் எழுத்து மாறாமல் இருக்கட்டும். ஓரிடத்தில் ஜி, இன்னோரிடத்தில் எச் என்று இருந்தால் பிற்காலத்தில் அலைச்சல் அந்தப் பிள்ளைக்குத்தான்.

நியூமராலஜிப்படி ஓர் எழுத்து கூட்டிப் போடச் சொல்கிறார்கள்.

வேண்டாம். ஏற்கெனவே கடினமான எழுத்துக்கூட்டலில் இன்னொரு ஏ-யும் இன்னொரு எச்-சும் சேர்த்தால் யாராலும் படிக்க முடியாது. நட்சத்திர எழுத்து பார்க்கிறவர்களுக்கு: ம, மி, மு, மே ஆகியவை மக நட்சத்திரத்துக்குரியவை. மகத்தில் பிறந்த பிள்ளை என்றால் மகிழ் தானாகப் பொருந்திவிடும்.

தாத்தா பெயரும் குலதெய்வம் பெயரும் வைத்தாக வேண்டும் என்கிறார்கள். என்ன செய்ய?

தாத்தாவின் பெயரைத் தாங்கியவன் என்பதால்தான் பெயரன், அதுவே பேரன் ஆயிற்று. அந்த ஆசையை நான் குறைத்துப் பேச மாட்டேன். பெயர் சூட்டும் நாளில் தொட்டிலில் போட்டுக் காதில் மூன்று முறை சொல்லும்போது தாத்தா பெயரையும் குலதெய்வத்தின் பெயரையும் முதலில் சொல்லுங்கள், பிறகு மகிழ் என்று சொல்லுங்கள். பதிவில் மட்டும் ஒன்றே இருக்கட்டும். எல்லாரையும் திருப்திப்படுத்த மூன்று பெயரைச் சேர்த்துச் சான்றிதழில் ஏற்றிவிட்டு, பிறகு ஆன்லைன் படிவத்தில் பேர் கொள்ளாமல் திண்டாடுகிற பெற்றோரைப் பள்ளிச் சேர்க்கையின்போது ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன்.

நாங்கள் கிறிஸ்தவர்கள் / இஸ்லாமியர்கள். இந்தப் பெயர் ஒத்துவருமா?

மகிழ் எந்த மதத்தின் சொத்தும் இல்லை. தமிழ் விவிலியத்தில் யோவேல் நூலில் 'தேசமே, பயப்படாதே, மகிழ்ந்து களிகூரு' என்று வருகிறது. ஞானஸ்நானப் பெயரோ அரபுப் பெயரோ முன்னால் வைத்துப் பின்னால் மகிழ் என்று சேர்த்துக்கொள்ளலாம், அழகாகவே இருக்கும்.

பிறப்புச் சான்றிதழில் எப்போது பெயரைச் சேர்க்க வேண்டும்?

பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். மருத்துவமனையில் பிறந்தால் அதை மருத்துவமனையே செய்துவிடும். பெயர் முடிவாகாவிட்டால் பெயர் இல்லாமலே பதிவாகும், பயப்பட வேண்டாம். 12 மாதத்துக்குள் பெயர் சேர்த்தால் கட்டணம் இல்லை. அதற்குப் பிறகு தாமதக் கட்டணத்தோடு 15 ஆண்டுவரை சேர்க்கலாம். சென்னை மாநகராட்சி எல்லைக்குள் பிறந்த குழந்தைக்கு மாநகராட்சியின் இணையதளத்திலேயே பெயரைச் சேர்த்துச் சான்றிதழை இறக்கிக்கொள்ளலாம்.

ஒரே ஒரு எச்சரிக்கை. பெயரை ஏற்றும்போது தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள். 'மகிள்', 'மகில்' என்று தட்டச்சாகிவிடும். எழுத்துப் பிழையைத் திருத்தலாம். ஆனால் மனம் மாறி வேறு பெயர் வைக்க அந்தப் பதிவில் அவ்வளவு எளிதில் இடம் கிடைக்காது. 2023 அக்டோபர் 1ஆம் தேதியோ அதற்குப் பிறகோ பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் பாஸ்போர்ட் வரை பிறந்த தேதிக்கான சான்று பிறப்புச் சான்றிதழ்தான் என்பதால், இந்தத் தாளில் கவனம் தேவை.

பால் குழப்பத்தால் நடைமுறையில் தொல்லை வருமா?

சில்லறைத் தொல்லைகள் வரும். வருகைப் பதிவேட்டில் பையன்கள் வரிசையில் என் மகளின் பெயர் ஏறியிருக்கிறது. அழைப்பிதழில் செல்வன் மகிழ் என்று அச்சாகி வந்திருக்கிறது. ரயில் டிக்கெட், ஆதார் என்று பாலினக் கட்டம் உள்ள எந்தப் படிவத்தையும் நிரப்புகிறவர் ஊகத்தில் நிரப்பிவிடுவார். கிளம்பும் முன் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. தொலைபேசியில் 'சாரா மேடமா' என்று கேட்பார்கள். இதற்கு மேல் பெரிதாக ஒன்றும் எங்களுக்கு வந்ததில்லை.

இதே மாதிரி வேறு பெயர்கள் சொல்லுங்களேன். அக்கா பெயர் மகிழ், தம்பிக்கு வேண்டும்.

எழில், கவின், யாழ், இசை, சுடர், கதிர், முகில், கனல், அமுது, தமிழ். யாழும் மகிழும் ழகரத்தில் முடிவதால் கூப்பிட நன்றாக இருக்கும். ஆனால் தூரத்திலிருந்து கூப்பிட்டால் இரண்டும் சேர்ந்து ஓடிவரும். கதிரும் முகிலும் இப்போதைக்குப் பையன்களிடமே அதிகம் இருக்கின்றன. பெண்ணுக்கு வைப்பவர் வந்தால் நான் மனமார வரவேற்பேன். எனக்குப் பிடித்த ஜோடி மகிழ், எழில்.

வளர்ந்த பிறகு பிள்ளைக்கே இந்தப் பெயர் பிடிக்காமல் போனால்?

மாற்றிக்கொள்ளட்டும். தமிழ்நாடு அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிடும் நடைமுறை இருக்கிறது. எழுதுபொருள் அச்சுத்துறை அதைக் கவனிக்கிறது. பதினெட்டு வயது வரை பெற்றோர் விண்ணப்பிக்க வேண்டும், பிறகு பிள்ளையே விண்ணப்பிக்கலாம். மகிழன் என்றோ மகிழினி என்றோ நீட்டிக்கொள்ள நினைத்தாலும் வழி இதுதான். அரசிதழ் வந்ததும் அதன் பிரதிகளைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, முதலில் ஆதாரையும் பிறகு மற்ற ஆவணங்களையும் மாற்றச் சொல்லுங்கள்.